சருகை வாரித் தள்ளிய முயல்

ஓடைக்கரைக் காட்டில் செம்பி என்ற முயல் தன் வளைக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தது. கீரை, வெள்ளரி, ஒரு பூசணிக்கொடி. அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. காட்டில் புல்லெல்லாம் கருகிப்போனது. செம்பியின் குட்டிகளுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு சாப்பாடு இல்லை.

ஓடையில் சின்னக் குட்டை ஒன்றுதான் மிச்சம். அதில் கொட்டாங்குச்சியால் மொண்டு வந்து செம்பி செடிகளுக்கு ஊற்றியது. மண் காயாமலிருக்கப் பாத்தியெங்கும் சருகு பரப்பியிருந்தது. அப்படியும் உச்சி வெயிலில் இலைகள் துவண்டன. செம்பி ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

வேலியில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. "ஐயோ செம்பி! உன் செடியெல்லாம் சாகப்போகிறது! நீ ஊற்றும் தண்ணீரை இந்தச் சருகே குடித்துவிடுகிறது. உடனே வாரித் தள்ளு!"

சருகுக்கடியில் குடியிருந்த தேரை தலையை நீட்டியது. "வேண்டாம் அக்கா! மத்தியானம் துவளும் இலை சாயங்காலம் நிமிர்ந்துவிடும். கொஞ்சம் பொறு!"

"அதற்குத் தன் வீடு போய்விடுமே என்ற கவலை!" என்று சிரித்தது மைனா.

பொறுத்திருந்து செடி செத்துவிட்டால்? குட்டிகளின் ஒட்டிய வயிறு செம்பியின் கண்முன் வந்தது. சாயங்காலம்வரை காத்திருக்க அதற்குத் தைரியம் வரவில்லை. சருகு முழுவதையும் வாரி ஓரத்தில் தள்ளியது.

ஈரமண்ணில் மண்புழுக்கள் நெளிந்தன. மைனா வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பறந்தது.

மறுநாள் பாத்தி பாளம் பாளமாக வெடித்தது. கீரை தீய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தும் ஓர் இலைகூட நிமிரவில்லை. பதறிய செம்பி மைனாவைத் தேடி ஓடியது. அது ஓர் அணிலின் தோட்டத்தில் உட்கார்ந்து, "சருகை வாரித் தள்ளு!" என்று சொல்லிக்கொண்டிருந்தது!

"கேட்காதே! அதற்கு வேண்டியது மண்புழு!" என்று கத்திவிட்டுச் செம்பி திரும்பி ஓடிவந்தது.

தேரை ஒரு கல்லடியில் வாடிக் கிடந்தது. "என்னை மன்னித்துவிடு!" என்றது செம்பி.

"அதெல்லாம் அப்புறம் அக்கா! முதலில் தண்ணீர் ஊற்று. பிறகு சருகை இழுத்து மூடு!"

இரண்டும் மூச்சு வாங்க வேலை செய்தன. வெள்ளரி பிழைக்கவில்லை. பூசணிக்கொடி மட்டும் விடியும்போது ஓர் இலையை நிமிர்த்தியது. மழை வரும்வரை குட்டிகள் அரை வயிற்றோடு அதை நம்பியே உயிர் பிழைத்தன.

நம் பயத்தில் பசியாறுகிறவர் பேச்சை நம்பாமல், நம்மோடு சேர்ந்து வாடுகிறவர் பேச்சைக் கேட்க வேண்டும்.