குதிகாலின் வெளி ஓரம்

அந்தக் காலத்தில், பூச்சிகள் மனிதர்களோடு வழக்காடிக்கொண்டிருந்தபோது, செருப்புக்குத் தேய்மானம் என்பதே கிடையாது. புதுச் செருப்பு போடுகிறவர் முதலில் அதன் அடியை மூன்று முறை தட்டி, "தேயாதே" என்று சொல்லுவார். அதுவும் சொன்னபடி கேட்டுக்கொண்டு தேயாமல் இருக்கும். தாத்தா போட்டது அப்பாவுக்கு வரும், அப்பா போட்டது மகனுக்கு வரும். கால்கள்தான் மாறிக்கொண்டிருந்தன.

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. தேயாத செருப்பு எதையும் மறக்காது. கள்ளுக்கடைக்குப் போய்ப் பழகிய செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால், போய் நிற்பது கள்ளுக்கடை வாசலில்தான். "நான் எங்க வந்தேன், செருப்புல்லா இழுத்துட்டு வந்துட்டு" என்பார்கள். ஊரில் பாதிப் பேர் அந்தச் சாக்கைச் சொல்லியே குடித்தார்கள். சிரிப்பாக இருந்தவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெற்கே கடலோரத்தில் தேரிக்காடு இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு மணல் மேடுகள்தான். காற்று அடித்தால் நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாகிவிடும். அந்த மணலைக் கடந்து கடற்கரைத் துறைக்குச் செய்தி ஓலை கொண்டுபோவதற்கென்று ஓர் ஓட்டக்காரன் இருப்பான். அவனுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் மணலைத் தாண்டிவிட வேண்டும். செருப்பின் வாரை மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டால், ஓலை கைமாறும் வரை அவிழ்க்கக் கூடாது.

நல்லமாடன் என்கிற ஓட்டக்காரன் ஒருநாள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினான். திரும்பி வரவில்லை. தேடிப்போனவர்கள் மணல் மேட்டின் நடுவே அவன் செருப்புகளை மட்டும் கண்டார்கள். இரண்டும் அருகருகே, துறையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன. வாரில் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. கால்கள்தான் இல்லை.

பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மைதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு செருப்பைத் தூக்கிப் போட்டு அறியாதவர்கள். தேயாத பொருளை யார் எறிவார்கள்? "ஆளு போனாலும் தோலு நல்லா இருக்குல்லா" என்று சொல்லி, முடிச்சுகளை அவிழ்த்து, கொண்டுவந்து அடுத்த ஓட்டக்காரனான பலவேசத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓலை இன்னும் கைமாறவில்லை என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. செருப்புக்கு இருந்தது.

பலவேசத்துக்குக் கல்யாணம் முடிந்து எட்டு மாதம். பெண்டாட்டி மாடத்தி பனையேறிக் குடும்பத்துப் பெண். எதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். முதல் நாள் அவன் பாதி நேரத்தில் துறைக்குப் போய்த் திரும்பிவிட்டான். ஊரே மெச்சியது. அவன் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஈரக் காலோடு சாணம் மெழுகிய தரையில் நடந்து உள்ளே போனான். மாடத்தி தரையில் பதிந்த சுவடுகளைப் பார்த்தாள். இடது காலில் ஆறு விரல்கள்.

"இங்கேருங்க, உங்களுக்கு இடது காலுல எத்தன விரலு?"

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? அஞ்சுதான்."

அவள் காலைப் பிடித்து எண்ணினாள். ஐந்துதான் இருந்தன. மறுபடி தரையைப் பார்த்தாள். ஆறு. நல்லமாடனுக்கு இடது காலில் ஆறு விரல் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"நாளைக்குப் போவாதீங்க. அந்தச் செருப்பு வேண்டாம்."

"செருப்ப வேண்டாம்னு சொன்னா ஊரு சிரிக்கும் பிள்ள" என்று அவன் தட்டிக்கழித்தான்.

இரண்டாம் நாள் திரும்பி வந்தவனின் காதுக்குள்ளும் இமைமேலும் சிவப்பு மணல் இருந்தது. சோறு வைத்தால் கை பிசைந்தது, கண் தேரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "முன்னால ஒருத்தன் ஓடுதான். அவன் அடியிலதான் என் அடி விழுது" என்றான். அன்று முடிச்சுகள் அவிழவில்லை. மாடத்தி பல்லால் கடித்துப் பார்த்தாள். பனம்பாளை சீவுகிற அரிவாளைக் கொண்டுவந்து அறுத்தாள். அரிவாள்தான் மழுங்கியது.

மூன்றாம் நாள் கொண்டுபோக ஓலை எதுவும் இல்லை. அவனைத் தூணோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறும்போது அந்தக் கால்கள் எழுந்தன. கயிறு அறுந்தது.

"ஏட்டி, நான் போவல" என்றான் பலவேசம். முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "காலு போவுது."

அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு மாடத்தியும் இழுபட்டுப் போனாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. விட்டுவிடத்தான் மனம் வரவில்லை. நல்லமாடனின் செருப்புகள் நின்ற இடம் வந்ததும் அந்தக் கால்கள் அருகருகே சேர்ந்து, துறையைப் பார்த்தபடி நின்றன. நிழல் பாதத்துக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. காற்று நின்றது. காலைச் சுற்றி மணல் புனல்போலக் குழிந்து கீழே இறங்கத் தொடங்கியது.

அந்தக் குழியின் ஓரத்தில், பின்பக்கமாகவே நடந்தபடி ஒரு பூச்சி வெளியே வந்தது. மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தக் குழியானை. மண்ணின் பேச்சு அதற்குத்தான் கேட்கும்.

"விடு பிள்ள, அவனை. மண்ணு சாப்பிடப் போவுது" என்றது அது, யாரோ பந்தியில் உட்கார்ந்திருப்பதைச் சொல்வதுபோல.

"இவரு என்ன பாவம் செஞ்சாரு?"

"மாட்டுக் குளம்பு மண்ணுக்குக் கொஞ்சம் கொடுக்கு. கலப்பைக் கொழு கொடுக்கு. ஆத்துல கிடக்கிற கல்லுகூடக் கொடுக்கு. உங்க செருப்பு மட்டும் மிதிச்சுட்டு மிதிச்சுட்டுப் போவும், ஒரு கிள்ளு கொடுக்காது. மண்ணு எத்தன காலம் பொறுக்கும்? செருப்பைக் கடிச்சுப் பாத்துது, முடியல. அதுக்குள்ள நின்னவனைத் தின்னுட்டு."

"நல்லமாடன் கொண்டுவந்த ஓலை?"

"அதையுந்தான். இனி அது எந்தக் கைக்கும் போவாது. செருப்புக்கு அது தெரியுமா? தேடித் தேடி இங்கயேதான் வரும். வரும்போதெல்லாம் ஒரு ஆளோட வரும்."

மணல் பலவேசத்தின் கணுக்காலுக்கு மேலே வந்துவிட்டது. அவன் வாயிலிருந்து வேறொரு குரல், "ஓலை, ஓலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

மாடத்தி மணலில் மண்டியிட்டாள். "தேயாதேன்னு சொன்னது நாங்கதானே? அந்தச் சொல்ல நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். மண்ணு செருப்பத் தின்னட்டும்."

குழியானை கொஞ்ச நேரம் காதை மணலில் வைத்துக் கேட்டது. "ஒத்தச் செருப்புக்கு எடுக்க முடியாதாம். எடுத்தா உலகத்துல உள்ள எல்லாச் செருப்புக்குந்தான். ஊரு உன்னச் சும்மா விடாது."

"ஊரு செருப்பில்லாம நடக்கட்டும். எனக்கு இவரு வேணும்."

"அப்போ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிள்ளு."

"சரி. ஆனா செருப்பு இருக்கிறவரைக்கும் காலத் தொடக் கூடாது."

"தீந்துபோனா?"

"தீந்துபோனா கழத்திருவோம்."

"கழத்தாதவன?"

மாடத்திக்குப் பேரம் பேச நேரம் இல்லை. மணல் அவன் முட்டிக்கு வந்திருந்தது. குழியானை அந்த முட்டியைப் பார்த்தது. "மண்ணு இதுவரைக்கும் ருசி பாத்துட்டு. கழத்தாதவன் முட்டி அதுக்கு" என்றது.

மாடத்தி தலையசைத்துவிட்டாள். இரண்டு கைகளையும் தோள்வரை மணலுக்குள் விட்டு, புருஷனின் இரண்டு குதிகால்களையும் உள்பக்கமாக இறுகப் பற்றிக்கொண்டாள். விரலால் மூன்று முறை தட்டி, புதுச் செருப்பில் "தேயாதே" சொல்லுகிற அதே அடியில் சொன்னாள். "தேய். தேய். தேய்."

கீழே மாடு அசைபோடுகிற சத்தம் கேட்டது. குதிகாலின் வெளி ஓரத்தில்தான் அது முதலில் கடித்தது. உள் ஓரத்தில் அவள் கை இருந்தது. பிறகு முன்பாதம், பிறகு நடு. கடைசியில்தான் அவள் பிடித்திருந்த இடத்துக்கு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அடித்தோல் தீர்ந்ததும் மூன்று முடிச்சும் தாமாகவே கழன்று விழுந்தன. பலவேசம் வெறுங்காலோடு மேலே வந்து விழுந்து, தன் சொந்தக் குரலில் பெண்டாட்டியின் பேரைச் சொல்லி அழுதான்.

வீட்டுக்கு வந்து அவன் ஈரக் காலோடு தரையில் நடந்தான். அவள் எண்ணினாள். ஐந்து. அதன் பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரேகை எதுவும் இல்லை. பத்தும் சுவர்போல வழுவழுவென்று இருந்தன. சாகும்வரை அவள் தொட்ட பாத்திரத்திலும் சுவரிலும் அவள் கைத்தடம் பதிந்ததே இல்லை.

ஊர் அவளைச் சும்மா விடவில்லைதான். நல்ல செருப்பையெல்லாம் கெடுத்தவள் என்று வாழ்நாள் முழுக்க ஏசியது. தேயத் தொடங்கிய செருப்பு பழையதை மறக்கவும் தொடங்கியதால், கள் குடிக்கிறவர்களுக்குச் சொல்லச் சாக்கும் போயிற்று. அந்தக் கோபம் வேறு.

இப்போது ரப்பரிலும் மெத்தையிலும் ஓடுவதற்கு ஷூ செய்கிறார்கள். மண்ணுக்கு அது தோலா ரப்பரா என்று பார்க்கத் தெரியாது. காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்கள் சில மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும். மேலே புதுசுபோலத்தானே இருக்கிறது என்று கழற்ற மனமில்லாமல் ஓடுகிறவர்களுக்கு, ஒருநாள் முட்டிக்குள் யாரோ மெல்லக் கடிப்பதுபோல இருக்கும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

அன்று முதல்தான், எந்தச் செருப்பும் குதிகாலின் வெளி ஓரத்தில் தேய ஆரம்பிக்கிறது. உள் ஓரம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள், யாரோ மண்ணுக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, அப்படியே இருக்கிறது.