வீட்டுக்கு ஒரு புலி

குலசேகரனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய குரு செண்பகவல்லிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று சேலத்தில் அவர் குடியிருந்த அடுக்குமாடியில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாருக்கும் கிடைக்காத குரு தனக்குக் கிடைத்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

பெருமைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். எந்த நல்லதும் தன் கையால் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்த குருவின் வீட்டில் போன வருஷம் ஒரு வேடிக்கையைப் பார்த்தார். முற்றத்தில் விதைக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்தன. செண்பகவல்லி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு புலி பொம்மையை எடுத்துவந்து காட்டினார். குரங்குகள் தலைதெறிக்க ஓடின. கடைசிக் குரங்கு மலையேறும்வரை பொம்மையோடு நின்றுவிட்டு, அதைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

குலசேகரன் மறுநாளே வேன் பிடித்துப் பொம்மைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய குடியிருப்பிலும் குரங்குத் தொல்லை உண்டு. வீட்டுக்கு ஒரு புலி. பால்கனிக்குப் பால்கனி, வெயிலென்றும் மழையென்றும் பாராமல், புலிகள் உட்கார்ந்திருந்தன.

கொரோனா வந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. எந்த டாக்டரோ எந்த நோயாளிக்கோ எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்று அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. அதைக் காட்டி, தெரிந்த கடையில் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கினார். சரக்கு தட்டுப்பாடு. ஆனாலும் ஒரு வீட்டுக்குக் கொடுத்து இன்னொரு வீட்டை விட அவருக்கு மனசு வராது. கத்தரிக்கோலால் அட்டைகளை நறுக்கி, கல்யாணப் பந்தியில் லட்டு வைப்பதுபோல எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தார். தொண்டை கரகரத்தால் ஒன்று, தும்மினால் ஒன்று, பயமாக இருந்தால் ஒன்று.

காய்ச்சல் கண்டவர்களுக்குச் சில நாளில் காய்ச்சல் விட்டது. அது தானாகவே விட்டிருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை. சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாட்ச்மேன்கூட அவரை 'டாக்டர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த நாட்களில் குலசேகரன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

அவர் மனைவி கனகாம்புஜம் மட்டும் ஒரு மாத்திரையைக்கூடத் தொடவில்லை. நன்றாக இருக்கிறவளுக்கு மருந்து எதற்கு என்று சொல்லிவிட்டார். ஊரே கேட்கிறது, இவள் கேட்கவில்லையே என்று குலசேகரனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தக் கனகாம்புஜம் இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீர்ப் பாதையில் பற்றிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. குலசேகரன் தனக்குத் தெரிந்த மாத்திரைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். கிருமியைச் சோதித்துப் பார்த்திருந்த டாக்டர், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் பழகிப்போன கிருமி, எதற்கும் கட்டுப்படவில்லை. கடைசியாக ஒரே ஒரு ஊசிமருந்து மிச்சம் இருப்பதாகவும், அதைத்தான் ஏற்றிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

குலசேகரன் நேராகக் குருவிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். தான் ஊருக்குச் செய்ததையும் மறக்காமல் சொன்னார்.

"மாத்திரையைத் தின்னது நான். எனக்கு ஒண்ணும் ஆகலை. தொட்டுக்கூடப் பாக்காதவ உடம்புல ஏன் ஒரு மருந்தும் வேலை செய்ய மாட்டேங்குது? இது என்ன நியாயம், குருவம்மா?"

முற்றத்தில் இந்த வருஷத்து விதைக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. சுற்றுச்சுவர்மேல் குரங்குகள் வந்து உட்கார்ந்திருந்தன. செண்பகவல்லி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, புடவையைப் பிரித்து, புலியைக் கொண்டுவந்து கடலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெரிய கடுவன் குரங்கு ஒன்று புலியைப் பார்த்தது. பிறகு சாவகாசமாக இறங்கி வந்து, அதன் முதுகில் சாய்ந்துகொண்டு கடலையை உடைத்துத் தின்னத் தொடங்கியது. மற்றவையும் பின்னாலேயே இறங்கின.

குலசேகரன் பதறி எழுந்தார். "போன வருஷம் அப்படி ஓடுச்சே!"

"ஓடுச்சு."

"நீங்கதான் அதை வெளியவே வைக்கறதில்லையே, குருவம்மா. வருஷத்துக்கு ஒருதடவை எடுக்கறீங்க, வேலை முடிஞ்சதும் பூட்டி வெச்சுடறீங்க. உங்க புலிக்கு ஏன் பயப்பட மாட்டேங்குது?"

"இது உங்க புலி, இது எங்க புலின்னு அதுக்குத் தெரியுமாங்கய்யா?"

தன் பால்கனிப் புலியின் தலைமேல் உட்கார்ந்து குரங்குகள் பேன் பார்ப்பதைக் குலசேகரன் தினமும்தான் பார்க்கிறார். விரட்டி விரட்டி அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டார். அவை இதே மலையிலிருந்துதான் அங்கே வருகின்றன. அவருக்கு முகம் கறுத்தது. பொன்னாடை போர்த்திய தோள்கள் தொய்ந்தன.

அதற்குள் பாதி விதை போய்விட்டிருந்தது. செண்பகவல்லி மறுபடி உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து ஓர் உண்டிவில்லை எடுத்துவந்தார். கல் வைக்கவில்லை. வெறும் ரப்பரை இழுத்து நீட்டிப் பிடித்தார். கடுவன் கடலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. ஒரே மூச்சில் கூட்டம் முழுவதும் மலைப்பக்கம் ஓடி மறைந்தது.

அவர் உண்டிவில்லைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

குலசேகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழைய செயலாளரும் கூடவே திரும்பி வந்தார். முதுகு நிமிர்ந்தது. கை தானாகச் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்தது.

"இது எங்க கிடைக்குது, குருவம்மா? சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடறேன்."

செண்பகவல்லி கீழே உட்கார்ந்து சிதறிய விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு ஏத்தறாங்களே அந்த ஊசி, அதையும் வீட்டுக்கு ஒண்ணு கொடுத்துடுவீங்களாங்கய்யா?"

குலசேகரன் போனைப் பைக்குள் போட்டார். குருவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த விதைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.