சீமை ராஜா படமும் எங்க ராஜா வயித்தெரிச்சலும்

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். ம் கொட்டிக்கிட்டே கேளு, இல்லன்னா ராஜா வரமாட்டான். ம், அப்படித்தான்.

அவன் பேரு வீரகஜேந்திரன். சின்ன ஜமீன், ஆனா பொறாமை மட்டும் ஏழு ஜமீனுக்குக் காணும். ஒருநா அவன் பொண்டாட்டி செங்கமலத்தம்மா, "எங்க அண்ணன் குதிரை என்னமா ஓடுது"ன்னு சொல்லிட்டா. அவ்வளவுதான், ராஜாவுக்கு வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுது. அன்னைலேர்ந்து அவ என்ன பேசினாலும் ஒரு 'ம்' கூட கிடையாது. ஆறு மாசம் ஆச்சு.

அப்போ வெள்ளைக்காரன் சீமையில பழைய ராஜா செத்து, புது ராஜா பட்டத்துக்கு வந்தாரு. அவரோட ஆள் உசரப் படத்தைக் கலெக்டர் துரை அனுப்பி, பத்து நாள் மாலை போட்டுச் சூடம் காட்டுங்கன்னாரு. அந்த வேலை ராணிக்கு வந்துது.

அப்புறம் என்ன, ராணி படத்துக்கிட்டயே பேச ஆரம்பிச்சுட்டா. "சாப்டீங்களா? பத்தாம் நாள் பூசை ஆனதும் நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பமாட்டேன்." தூணுக்குப் பின்னாடி நின்ன ராஜா காதுல, 'சாப்டீங்களா' மட்டும்தான் விழுந்துது.

மறுநா படத்தை டக்குனு சுவர் பக்கமா திருப்பி வச்சான். ராணி நேராக்கி, "பாவம், மூச்சு முட்டியிருக்குமே"ன்னா. அப்புறம் கரியால சரக் சரக்னு முறுக்கு மீசை வரைஞ்சான். "இப்பத்தான் லட்சணமா இருக்கீங்க"ன்னா ராணி. ம், ராஜாவுக்கு இன்னும் எரிஞ்சுது.

பத்தாம் நாள் காலையில வாசல்ல பல்லக்கு வந்து நின்னுது. ராஜா மரச்சட்டத்துலேர்ந்து படத்தை உருவிட்டு, படத்துல இருந்தாப்லயே சிவப்புக் கோட்டோட அந்தச் சட்டத்துக்குள்ள தானே விறைப்பா நின்னான். இவ அந்தச் சீமை ராஜாகிட்ட அப்படி என்னதான் பேசுறான்னு கேட்டுடணும் அவனுக்கு.

கிணிங் கிணிங்னு மணியடிச்சு, ராணி குனிஞ்சபடியே சூடம் காட்டினா. "போறேங்க"ன்னா. போயிட்டு வரேன்னு சொல்லல. "நீங்களும் ஒரு ம் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு இருமல் இருக்கு, பால்ல மிளகு போடச் சொல்லுங்க."

 ராஜாவுக்கு எரிஞ்ச வயிறு ஜில்லுனு ஆயிடுச்சு. போயிடுவாளேன்னு பயந்தான். பூட்டியிருந்த வாய் மெதுவா, "ம்"னுது.

ராணி நிமிர்ந்து பாத்தா. பல்லக்குப் பக்கம் போகாம அங்கேயே உக்காந்தா.

"எங்க அண்ணன் குதிரைக்குக் கால் சுளுக்கிடுச்சாம்."

"ம்." இது கொஞ்சம் சத்தமாவே வந்துது.

அப்புறம் அவ பேசப் பேச அவன் ம் கொட்டினான். பல்லக்கு காலியாத் திரும்பிடுச்சு.

எங்கடா கண்ணு உன் ம்மைக் காணோம்? சரி, கதைக் கதவைச் சாத்தியாச்சு. நீ கண்ணைச் சாத்தினபடியே இரு.