எடுத்துப் போட்ட சத்தம்

"மாஸ்டர், இவ்வளவு சுத்தமா பதிஞ்சும் எம் பிள்ளை தூங்க மாட்டேங்குறான்."

கோமதி ஒலிப்பதிவு அறையின் வாசலில் நின்றாள். இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை, தோளில் லேப்டாப் பை.

மைதீன் அவளைவிட இளையவன்தான். ஒலிப்பதிவு சொல்லிக்கொடுப்பதால் அவளுக்கு மாஸ்டர். அவனுக்கு அவள் அக்கா.

"என்னக்கா ஆச்சு?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். மத்தியானம் நான் புல்லாங்குழல் வாசிச்சாத்தான் இவன் கண்ணை மூடுவான். அதான் வீட்டுலயே வாசிச்சுப் பதிஞ்சு வச்சேன். அவங்க அப்பா அதைப் போட்டா, தெருவே கூடுற மாதிரி கத்துறான்."

"போடுங்க, கேப்போம்."

பாட்டு ஓடியது. ஃபேன் சத்தம் இல்லை. தெருச் சத்தம் இல்லை. பெரிய கோயில் மண்டபத்தில் வாசித்ததுபோல் குழல் கணீரென்று சுற்றிச் சுற்றி வந்தது.

"யாருக்கா வாசிக்கிறது?"

"நக்கல் பண்ணாதீங்க மாஸ்டர். நான்தான்."

"இம்மாம்பெரிய மண்டபத்துல உங்களுக்கு என்ன வேலை?"

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இரைச்சலை எடுத்ததும் குழல் வெறிச்சுன்னு கெடந்துச்சு. அதை மூடத்தான் ரிவெர்ப் போட்டு எதிரொலியைக் கொஞ்சம் தூக்கலா வச்சேன்."

"இதுதான் இரைச்சல்னு கம்ப்யூட்டருக்கு எந்த இடத்தைக் காட்டுனீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி, வாசிக்காம இருந்த இடத்தை. அதே மாதிரி சத்தத்தையெல்லாம் அது பாட்டு முழுக்க எடுத்துருச்சு."

"அப்ப பிள்ளை எங்க இருந்தான்?"

"மடியில."

"நீங்க?"

"குழலை வாயில வச்சுக்கிட்டு, சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்."

மைதீன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். பிள்ளைக்காகக் கையை நீட்டினான்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்கக்கா. கதவைச் சாத்திருங்க."

சாத்தியதும் உள்ளே அழுகை வெடித்தது.  திங்கட்கிழமையும் இப்படித்தான் அழுவான். பேசாமல் வேலையை விட்டுவிடலாம். கதவில் கை வைத்தாள்.

அழுகை நின்றது.

பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். பிள்ளை மைதீனின் தோளில் கன்னம் அமுங்கக் கிடந்தான். இமைகள் சொருகிக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கரில் பாட்டே இல்லை.

"என்ன போட்டீங்க?" கிசுகிசுத்தாள்.

"இரைச்சல்னு நீங்க எடுத்துப் போட்டதை. அதை மட்டும்."

ஃபேன் மெல்லச் சுற்றியது. அதற்கடியில் யாரோ மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள். பாட்டு இருந்த இடமெல்லாம் அந்த மூச்சு நீண்டது, குறுகியது, நின்று மறுபடி வந்தது.

பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று கோமதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஸ்பீக்கரில் அது நிற்கவில்லை.