குறையாத இறகு

அல்லிக்குளத்தில் கோரையன் என்று ஒரு முக்குளிப்பான் இருந்தான். பார்த்தால் சின்ன வாத்து மாதிரி இருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் முங்கி வேறொரு பக்கம் எழும்புமே, அந்தப் பறவைதான். அவன் மனைவி பெயர் வள்ளை. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே குஞ்சு. அதன் பெயர் குமிழி.

ஒரு மழைநாளில் அவர்களுடைய மிதக்கும் கூடு நாணலை விட்டு அறுந்து போய்விட்டது. கூட்டைச் சரியாகக் கட்டாதது யார் என்று சண்டை வந்தது. அந்தச் சண்டை போன கோடையில் நடந்த பழங்கதை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் வடகரை அவளுக்கு, தென்கரை அவனுக்கு என்று பிரிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வள்ளை அவனை 'நீங்க' என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

கரையைப் பங்கு போட்டாயிற்று. குஞ்சை எப்படிப் பங்கு போடுவது?

நாமக்கோழியிடம் போனார்கள். நெற்றியில் வெள்ளை நாமம் இருந்த ஒரே காரணத்தால் குளத்தில் நியாயம் சொல்லும் வேலை அதன் தலையில் விழுந்திருந்தது. மற்றபடி அதற்கும் நியாயத்துக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. இப்போதைக்குக் காலையில் அம்மாவிடம், உச்சிவெயிலுக்குப் பிறகு அப்பாவிடம் என்று சொன்னது. அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தது.

"வர்ற பௌர்ணமிக் காலையில குஞ்சை நடுக்குளத்துல விடுவோம். அது யார் பக்கம் நீந்துதோ, இனிமே அவங்களோடயே இருக்கட்டும்" என்றது.

வந்தது வினை. பௌர்ணமிக்குள் குமிழியைத் தன் பக்கம் இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை என்று கோரையன் நெஞ்சில் முடிந்துகொண்டான்.

முக்குளிப்பான் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் ஊட்டுவதற்கு முன்னால், பெற்றவர்கள் தங்கள் மார்பிலிருந்து ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, தண்ணீரில் நனைத்து, அதை முதலில் குஞ்சுக்கு ஊட்டுவார்கள். இறகு வயிற்றுக்குள் போய் மீன் முள்ளைச் சுற்றிக்கொள்ளும். முள் குத்தாது. பிறகு இரண்டும் உருண்டையாக வெளியே வந்துவிடும். பிடுங்குகிறவர்களுக்கு வலிக்கும். தின்கிற குஞ்சுக்கோ அது சுத்தமாகப் பிடிக்காது.

முதல் நாள் கோரையன் ஒழுங்காகத்தான் இறகைப் பிடுங்கினான். குமிழி அதைத் துப்பிவிட்டு, அம்மாவிடம் போகிறேன் என்று அழுதது. அந்த ஒரு வார்த்தை அவன் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. காலையில் அவள் எப்படியும் இறகு கொடுத்துத்தான் அனுப்பியிருப்பாள், பிறகு நான் ஏன் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று நினைத்தான். மறுநாளிலிருந்து வெறும் மீன்தான். குமிழி சிரித்துக்கொண்டே தின்றது.

ஆனாலும் பொறாமை சும்மா இருக்குமா? தினமும் குஞ்சு வந்து இறங்கியதும் அம்மா என்ன கொடுத்தாள் என்று துருவித் துருவிக் கேட்பான். அயிரை என்று சொன்னால் இவன் கெண்டைக் குஞ்சு பிடித்து வருவான். அங்கே இரண்டு என்றால் இங்கே நான்கு. காலை நேரத்தில் வடகரையிலிருந்து குமிழியின் சிரிப்பு தண்ணீர் மேல் மிதந்து வரும். அது வள்ளையின் முதுகில் ஏறி உட்கார்ந்து சவாரி போகும். அதைப் பார்க்கக்கூடாது என்று நாணலுக்குள் போய் ஒளிந்துகொள்வான். பிறகு நாணலை விலக்கிக்கொண்டு அதையேதான் பார்ப்பான்.

பௌர்ணமி நெருங்க நெருங்கக் குமிழி சரியாகத் தின்னவில்லை. கெண்டையை வாய்வரை கொண்டுபோனாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. வேறொரு தகப்பனாக இருந்தால் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பான். கோரையனுக்குப் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. என்னிடம் தின்னக்கூடாது என்று வேண்டுமென்றே வயிறு முட்ட ஊட்டி அனுப்புகிறாள் என்று பல்லைக் கடித்தான். பறவைக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள். அவ்வளவு ஆத்திரம் அவனுக்கு.

பௌர்ணமிக் காலையும் வந்தது. மடையான் கொக்கு, தாழைக்கோழி, தவளைகள் என்று குளமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. நாமக்கோழி குமிழியைக் கொண்டுபோய் நடுவில் விட்டது. வடக்கே வள்ளை, தெற்கே கோரையன். இரண்டு பேர் அலகிலும் ஆளுக்கொரு கெண்டை துள்ளியது. தன்னுடையதுதான் பெரியது என்று கோரையனுக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை.

குமிழி இரண்டு பக்கமும் நகரவில்லை.

நாமக்கோழி மறுபடியும் போகச் சொன்னது. குஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "வயித்துல குத்துது" என்று முனகியது.

கோரையன் கெண்டையைப் போட்டுவிட்டு முங்கினான். அவன் குஞ்சின் பக்கத்தில் எழும்பியபோது வள்ளையும் அங்கே எழும்பினாள். குத்துகிறது என்றால் முள்தான் என்று இருவருக்கும் தெரியும். முள் குத்தினால் இறகு இல்லை என்றும் தெரியும்.

"இத்தனை நாளா காலையில நீ இறகு குடுக்கலையா?" என்று கோரையன் கத்தினான்.

"மத்தியானம் நீ குடுப்பேன்னு இருந்துட்டேன்" என்றாள் வள்ளை.

அவன் அவள் மார்பைப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. இறகூட்டுகிற தாயின் மார்பில் சொட்டை விழுந்திருக்க வேண்டாமா?

"ஒரு இறகுகூடக் குறையலையே! நீயெல்லாம் பெத்தவளா?"

 வள்ளை அவன் மார்பைப் பார்த்தாள். கோரையனும் குனிந்தான். தண்ணீரில் அவன் மார்பு தெரிந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

குமிழி தட்டுத்தடுமாறி வள்ளையின் முதுகில் ஏறிக்கொண்டது. கோரையன் அவசரமாக ஓர் இறகைப் பிடுங்கி நனைத்து நீட்டினான். குஞ்சு அம்மாவின் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமை வந்தது. அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். பிள்ளை சாகக் கிடக்கிறது, அப்போதும் அவள் முதுகுதானா என்று நெஞ்சு எரிந்தது. அப்படியே பிடித்து இழுத்துத் தன் முதுகில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

பிறகு இறகை வள்ளையின் அலகில் வைத்தான்.

"நீ ஊட்டு. உன்கிட்டன்னா வாங்கிக்கும்."

வள்ளை கழுத்தைத் திருப்பி ஊட்டினாள். குமிழி அழுதுகொண்டே விழுங்கியது. அவள் தன் மார்பைக் கொத்தக் குனிந்தால் குஞ்சு சரிந்து விழும். அதனால் பிடுங்குவது அவன் வேலை, ஊட்டுவது அவள் வேலை என்று ஆயிற்று. ஒன்று, இரண்டு என்று உச்சிவெயில் வரைக்கும் பிடுங்கினான். மார்பில் ரத்தம் கசிந்தது. கடைசியில் குமிழி பெரிதாக ஒரு குமட்டு குமட்டி, இறகும் முள்ளுமாக ஓர் உருண்டையைக் கக்கியது. அப்புறம் "பசிக்குது" என்றது. வள்ளை அழுதுவிட்டாள். கோரையன் அலகைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அழுதான்.

நாமக்கோழி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தீர்ப்பை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது.

"தீர்ப்பைத் தூக்கிக் குப்பையில போடு. அவகிட்டயே இருக்கட்டும். பிள்ளை உயிரோட இருந்தா போதும்" என்றான் கோரையன்.

"வேண்டாம்" என்றாள் வள்ளை. " மத்தியானம் நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. குமிழிக்கு அப்பாவும் வேணும். ஆனா வரும்போது நான் உங்க மார்பைப் பார்ப்பேன். நீங்களும் என் மார்பைப் பாருங்க."

அவர்கள் மறுபடி ஒரே கூட்டில் சேரவில்லை. அவள் வடகரை, அவன் தென்கரைதான். ஆனால் உச்சிவெயிலில் நடுக்குளத்தில் சந்திக்கும்போது இருவர் மார்பிலும் சொட்டை விழுந்திருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்த பிறகுதான் குஞ்சு முதுகு மாறும்.

ஒருநாள் கோரையனின் முதுகில் வரும்போது குமிழி சொன்னது. "அப்பா, அம்மாவோட இறகு உங்க இறகை விடக் கசப்பு."

கோரையனுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பொறாமை அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா? ஆனாலும் அதை அடக்கிக்கொண்டு, "கசந்தாலும் முழுங்கணும். அம்மா உனக்காக வலிக்க வலிக்கப் பிடுங்கினது" என்று சொல்லிவிட்டு, தன் மார்பில் அடுத்த இறகைத் தேடினான்.

தாயும் தகப்பனும் பிரிந்துபோனாலும், பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்று போட்டி போடாமல் பிள்ளைக்கு எது நல்லது என்று பார்ப்பதுதான் பெற்றவர்களுக்கு அழகு.