மூடி மாறிய தட்டுகள்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று செங்கமலத்துக்குப் பயம். கை பட்டுவிட்டது என்றால் கவனமில்லாதவள் என்பார்கள். தானாக விழுந்தது என்றால் பொய்க்காரி என்பார்கள். மூடி போட்ட இரண்டு டீ டம்ளர்களை ஏந்திக்கொண்டு டாக்டர் தில்லைநாயகியின் அறை வாசலிலேயே நின்றாள்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பாத்திரம் கழுவுவது, துடைப்பது, டீ போடுவது அவள் வேலை. காண்ட்ராக்ட் வேலை. போன வருஷம் ஒரு குடுவையை உடைத்தவளை மறுநாளே நிறுத்திவிட்டார்கள்.

மே மாதம் பிறந்தால் அங்கே காலேஜ் பிள்ளைகள் கோடைப் பயிற்சிக்கு வருவார்கள். எட்டு வாரம் ஆராய்ச்சி. கடைசி நாள் போஸ்டர் ஒட்டி, பக்கத்தில் நின்று பெரியவர்களுக்கு விளக்க வேண்டும். இந்த வருஷம் டாக்டரிடம் வந்தவள் பெனிட்டா, நாகர்கோவில் பெண். உள்ளங்கையளவு தட்டு இரண்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தாள். ஒன்றில் மருந்து விட்டாள். மற்றதில் விடவில்லை. எது எது என்று மூடியின் மேல் எழுதிவைத்தாள்.

நேற்றுக் காலை அந்தத் தட்டுகளை வைத்திருந்த சூட்டுப் பெட்டிக்குள் துடைக்கும்போது செங்கமலத்தின் கை இடித்தது. இரண்டு மூடியும் நழுவின. பதறிப்போய் எடுத்து மூடினாள். எந்த மூடி எதன் மேல் இருந்தது? சத்தியமாகத் தெரியாது. யாரும் பார்க்கவும் இல்லை.

உள்ளே பெனிட்டாவின் குரல் துள்ளியது.

"மேடம், மருந்துன்னு எழுதுன தட்டுல ஒண்ணுகூட உசிரோட இல்ல! மத்தது தளதளன்னு இருக்கு. நாளைக்குப் போஸ்டர்ல இதான் நடுவுல. மேல்படிப்புக்குச் சிபாரிசு லெட்டர் தருவீங்கல்ல?"

செங்கமலம் உள்ளே போனாள். டம்ளர்களை மேசையில் வைத்தாள்.

"அம்மா, நேத்து மூடி ரெண்டும் விழுந்துடுச்சு. நான்தான் எடுத்து மூடுனேன். மாத்தி மூடிட்டேனோ என்னமோ."

பெனிட்டாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, சும்மா இருங்கக்கா! நல்ல நேரம் பாத்தீங்க சொல்றதுக்கு." டாக்டர் பக்கம் திரும்பினாள். "மாறியிருக்காது மேடம். செத்தது மருந்து விட்ட தட்டாத்தானே இருக்கும்? வேற எப்படிச் சாகும்?"

டாக்டர் மேசைப் பக்கம் திரும்பினார். டம்ளர்களைப் பார்த்தார். வயது முப்பத்தெட்டுதான், அதற்குள் சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. அவருடைய டீயில் சர்க்கரை இருக்காது; பெனிட்டாவின் டீயில் இருக்கும். அடையாளத்துக்கு அந்த மூடியின் குமிழில் செங்கமலம் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"இப்ப பாருங்க. எது என்னோடது?"

நூல் கட்டிய மூடி ஒரு டம்ளர் மேல் இருந்தது. பெனிட்டா அதை நோக்கிக் கை நீட்டினாள். பாதியில் கை நின்றது.

"மாத்துனீங்களா மேடம்?"

"மாத்தியிருக்கலாம். மாத்தாமலும் இருந்திருக்கலாம்."

"ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடப்போகுது."

"டீன்னா சரி. மருந்துன்னா அந்த வாய் எந்த நோயாளியோடது?"

பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது.

"அப்ப நாளைக்குப் போஸ்டர்ல என்ன எழுதுறது மேடம்? எட்டு வாரம்!"

"மூடி மாறியிருக்கலாம்னு எழுது."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

பெனிட்டா தலை குனிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மூடியில எழுதாத, தட்டோட அடியில எழுதுன்னு முதல் நாளே சொன்னீங்க."

"சொன்னேன். அப்புறம் ஒரு நாளாவது வந்து பாத்தேனா?"

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செங்கமலம் ஒரு அடி முன்னால் வந்தாள். "அம்மா... காண்ட்ராக்டர்கிட்ட..."

டாக்டர் இரண்டு டம்ளர்களையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேற டீ போட்டுக் கொண்டு வா, செங்கமலம். நாளைக்கும் நீதானே போடணும்?"

செங்கமலம் இரண்டு டீயையும் தொட்டியில் கொட்டினாள். டம்ளர்களைக் கழுவினாள். மூடியிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து, ஒரு டம்ளரின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.