சுடரின் வாக்கு

தீர்ப்பு சொல்வதென்றால் நமக்கெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, அப்புறம் நியாயம் பேசுங்கள்.

திண்டுக்கல்லில் மினி பஸ் கண்டக்டர் சிவநேசன். அவன் மனைவி கோகிலா, தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள், சுடர். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய்! முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருக்கிறதுதான் சாப்பாடுன்னா, வெளிய இருக்கிறது டிபன் பாக்ஸாம்மா?" என்பாள். பல் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "மாமா, உங்க பல்லெல்லாம் எந்த ஊருக்குப் போயிருக்கு? எப்போ திரும்பி வரும்?" என்று அக்கறையாக விசாரிப்பாள். சிவநேசன் டிக்கெட் கிழித்துக்கொண்டே இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லுவான். "இன்னிக்குப் பாப்பா என்ன சொல்லுச்சு?" என்று பயணிகளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோகிலா மறுபடியும் உண்டானாள். தினமும் காலையில் சுடர் அம்மாவின் வயிற்றில் வாயை வைத்து, பால்வாடியில் யார் யார் அழுதார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். உள்ளிருந்து ஓர் உதை வரும். "தம்பி ம் கொட்டுறான்" என்று குதிப்பாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். சிவநேசனின் அக்கா பரிமளாதான் முன்னின்று நாள் குறித்தாள், மண்டபம் பிடித்தாள், இருநூறு பேரை அழைத்தாள். அதற்கு முந்தின நாள் காலை, சுடர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி எங்கூட கா விட்டுட்டான். நேத்தும் பேசல, இன்னிக்கும் பேசல."

வீடே சிரித்தது. சிவநேசன் பஸ்ஸில் போய்ச் சொன்னான், அங்கேயும் சிரித்தார்கள்.

மறுநாள் வளையல் அடுக்கி முடிந்ததும், பரிமளா சுடரைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினாள். சின்னப்பிள்ளை வாயில் வருவது அப்படியே பலிக்கும் என்று நம் பெண்கள் ஒரு கேள்வி கேட்பார்களே, அதைக் கேட்டாள். "சொல்லுடி தங்கம், அம்மா வயித்துல இருக்கிறது தம்பியா, பாப்பாவா?"

சுடர் கொஞ்சம் யோசித்தாள். "யாருமே இல்ல அத்தை."

சிலர் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை. டாக்டரம்மா கோகிலாவிடம் தனியாகக் கேட்டார்: "நாலஞ்சு நாளாவே அசைவு இருந்திருக்காதேம்மா, நீ கவனிக்கலையா?" கோகிலா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் கவனித்திருந்தாள். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றே அவளுக்குப் பகீரென்றது. ஊரையே கூப்பிட்டுவிட்டு இப்போது ஆஸ்பத்திரி என்றால் அண்ணி என்ன சொல்வாரோ என்று பயந்து, பிள்ளை தூங்குகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். முன்பே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பரிமளாவோ ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: "கரிநாக்கு." அன்றிலிருந்து சுடரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அடுத்த மாதம் பரிமளாவின் மகள் வினோதா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். மாமனைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. முந்தின நாளே பரிமளா வந்து நின்றாள். "கோகிலா, தப்பா நெனைக்காத. அவ வர்ற நேரம் பிள்ளைய உள்ள வெச்சுக் கதவைச் சாத்திரு. எம்பொண்ணு வயித்தைப் பார்த்து ஏதாச்சும் சொல்லிட்டா நான் தாங்க மாட்டேன்." கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை.

சிவநேசனுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. அக்காவை எதிர்த்துப் பேசியும் பழக்கம் கிடையாது. மகளிடம் குனிந்து, "நாளைக்கு அத்தையும் வினோதாவும் வந்துட்டுப் போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, பலூன் வாங்கித் தர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலுக்கு வந்ததும் கோகிலா மகளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். 'எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி' என்ற பேச்சு தொண்டைவரை வந்தது. சொன்னால் நாளைக்கு எல்லா விரலும் தன் பக்கம் திரும்பும். விழுங்கிவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது சுடர் கேட்டாள்: "அம்மா, நான் சொன்னதாலதான் தம்பி செத்துப்போனானா?"

கோகிலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அந்த அழுகை புரியும். நாலு வயதுக்கு அது "ஆமாம்" என்றுதான் கேட்டிருக்கும். அன்றோடு சுடர் பேசுவதை நிறுத்திவிட்டாள். பசித்தால் தட்டைக் காட்டுவாள். பயணிகள் சில நாள் விசாரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். தன் மகளுக்காகப் பயந்து கதவைச் சாத்தச் சொன்னவள் ஒருத்தி. பொய்யென்று நினைத்தும் பலூன் தருகிறேன் என்று வாயைக் கட்டியவன் ஒருவன். உண்மையை வயிற்றிலே வைத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டவள் இன்னொருத்தி, அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்த மூவரில் அந்தக் குழந்தைக்குப் பெரிய கெடுதல் செய்தது யார்?

விடை: நீங்கள் பரிமளா என்பீர்கள். எனக்கும் அவள்மேல் கோபம்தான். ஆனால் அவளுக்கு உண்மை தெரியாது. சிவநேசன் கோழை, அவனுக்கும் தெரியாது. எனவே கோகிலாதான், இதைச் சொல்ல எனக்கே நெஞ்சு வலிக்கிறது. வளைகாப்புக்குப் பயந்து பேசாமல் இருந்ததை நான் குற்றமாக எடுக்கவில்லை. "இல்லை" என்ற பதில் உலகத்திலேயே அவளிடம் மட்டும்தான் இருந்தது, பிள்ளை நேராகக் கேட்டபோது அதை அவள் தரவில்லை. பதினொரு நாள் கழித்துத் துணிந்து, பரிமளாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு மகளை மடியில் போட்டுக்கொண்டு, "உன்னால இல்லடி சாமி. இந்த வீட்டுல தம்பியக் கவனிச்சதே நீ ஒருத்திதான்" என்றாள். சுடர் முழுவதையும் கேட்டாள். சரி என்று தலையை ஆட்டினாள். பேசத்தான் இல்லை.